பெரிய டயர் போட்ட லாரி

பழைய லாரி ஒன்றுக்குப் புதுசாகப் பெரிய டயர்கள் மாட்டினார்கள். அன்றிலிருந்து மலைமேடு வந்தாலே இன்ஜினுக்கு மூச்சு வாங்கியது.

"என்ன மாமா, வயசாயிடுச்சா?" என்று டயர்கள் கிண்டல் செய்தன.

இன்ஜினும் அதை நம்பிவிட்டது. முதலாளி வேறு, "இன்ஜினைத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்" என்றார்.

பின் அச்சுக்குள் இருந்த சின்னப் பல்சக்கரத்துக்கு விஷயம் தெரியும். இத்தனை உயரமான டயரைச் சுழற்றுவதற்குத் தன்னைவிடப் பல் குறைந்த சக்கரம் வேண்டும்.

"ஏங்க, வாயைத் திறக்காதீங்க" என்றது அதன் மனைவியான பெரிய பல்சக்கரம். "நம்மளை ஜோடியாத்தான் கழட்டுவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் சாக்குலதான் கிடக்கணும்."

"அதுக்காக அவரைப் பழைய இரும்புக்குப் போக விடலாமாடி?"

மறுநாள் மேட்டில் சின்னச் சக்கரம் வேண்டுமென்றே ஊளையிட்டது. மெக்கானிக் அச்சைத் திறந்து பார்த்தார். "இன்ஜின்ல ஒண்ணுமில்ல முதலாளி. டயரை மாத்தினீங்களே, இந்த ஜோடியை மாத்தினீங்களா?"

புது ஜோடி அச்சுக்குள் ஏறியது. பழைய ஜோடி ஒரு சாக்குக்குள் லாரியின் பின்தட்டில் கிடந்தது. இன்ஜின் பாட்டுப் பாடிக்கொண்டே மேடு ஏறியது.

"மாமாவுக்கு இளமை திரும்பிடுச்சுடோய்!" என்றன டயர்கள்.

"யாராலன்னு சொல்லுங்களேன்" என்று சாக்குக்குள் மனைவி இடித்தது.

"மேடு முடியட்டும்டி. பாட்டைக் கேளு."