சிவப்பில் எழுதிய மூன்று நாள்

மாலை வகுப்பு முடிந்து நான் உள்ளே நுழையும்போது, அலமாரிக் கதவில் நான் ஒட்டிய அட்டவணையை அக்காவின் கணவர், மாமா, கிழித்துக்கொண்டிருக்கிறார். அக்கா ஏப்ரலில் அலுவலக வேலையாக ஐரோப்பா போகிறாள். வேலை இருக்கும் நான்கு நாளைப் பச்சையிலும், கோட்டை, படகு, ஓவியக்கூடம் என்று ஊர் பார்க்கும் மூன்று நாளைச் சிவப்பிலும் எழுதியிருந்தேன். ஏழு நாளும் வேலை என்று அவள் மாமாவிடம் சொல்லியிருப்பது எனக்குத் தெரியாது. ஒட்டும் முன் அவளைக் கேட்டிருக்க வேண்டும். “மூணு நாள் ஊர் மேயப் போறியா? என்னைக் கேனையன்னு நெனச்சியாடி?” அக்கா கன்னத்தில் அறை விழுகிறது. இரண்டா மூன்றா, சரியாக எண்ணவில்லை. அக்காவின் மூக்குக் கண்ணாடி மேசைக்கடியில் போய் நொறுங்குகிறது. “அடிங்க. நான் போகத்தான் போறேன்.” மாமா அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்து இரண்டு கையாலும் முறுக்குகிறார். அக்கா பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கடிக்கிறாள். அவர் அலறிக் கையை உதற, பாஸ்போர்ட் தரையில் வழுக்கி என் காலடிக்கு வருகிறது. அதன்மேல் காலை வைத்துக்கொள்கிறேன். “காலை எடு,” என்கிறார். அவர் விரல் நுனியில் ரத்தம் சொட்டுகிறது. “மாட்டேன் மாமா.” தோள்பையைக் கழற்றி, வாரை இறுக்கிப் பிடிக்கிறேன். உள்ளே இன்று நான்கு தடித்த புத்தகங்கள் இருக்கின்றன.