வெள்ளை மாத்திரை
ஜன்னல் வெயில் டாக்டரம்மாவின் மேசையில் பாதிவரை ஏறியிருக்கிறது. எதிரே இருக்கும் பெண் தனியார் மருத்துவமனையில் வாங்கிய மாத்திரை அட்டையை நீட்டியபடியே இருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை மாதிரி சிவப்பாக மினுங்குகிறது அது. "பிரஷருக்கு இதையே எழுதிக் குடுங்களேன். இங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரில சும்மா குடுக்குற வெள்ளை மாத்திரை கேக்குமா?" "வெளி மருந்து நாங்க எழுதக் கூடாதும்மா, அரசாங்க உத்தரவு. ரெண்டுலயும் இருக்குற மருந்து ஒண்ணுதான்." அவள் முகம் சுண்டிப்போகிறது. எழுந்தவள் போக மனமில்லாமல் கதவோரம் நிற்கிறாள். அடுத்து, காலையிலிருந்து வரிசையில் நின்ற பெரியவர் வந்து உட்கார்ந்து, இஸ்திரி கலையாத சட்டைக் கையை மடித்துவிடுகிறார். டாக்டரம்மா பிரஷர் பார்க்கும் பட்டையை அவர் கையில் சுற்றிக் காற்றடிக்கிறார். புஸ்ஸென்று காற்று இறங்குகிறது. "உப்பைக் குறைக்கச் சொன்னேன்ல?" அதட்டல் கொஞ்சம் கூடுதலாகவே விழுகிறது. பெரியவர் தலையைக் குனிந்து சிரிக்கிறார். மூலை மேசையில் மருந்து கொடுப்பவர் டாக்டரம்மா எழுதிய சீட்டைப் பார்த்து ஓர் அட்டையை எடுத்து நீட்டுகிறார். அதே வெள்ளை மாத்திரை. கதவோரத்துப் பெண் எட்டிப் பார்க்கிறாள். "உங்களுக்கும் இதேதானாய்யா?" பெரியவர் அதைச் சட்டைப்பையில் வைத்து, பதக்கம் குத்திக்கொண்டவர்போல் மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொள்கிறார். "பெத்த அப்பனுக்கே இதைத்தாம்மா எழுதியிருக்கா, என் பொண்ணு."