மிஸ்ஸி கேட்ட ஆள்

“புருஷன் செத்து நாலு வருஷம்ங்கிற. அதுக்கப்புறம் ஆம்பளையே இல்லைங்கிற. அப்புறம் எதுக்குலா இந்த டெஸ்ட்?”

மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸம்மா கதவைச் சாத்தாமலே கேட்டார். கிளினிக் பெஞ்சில் பதினோரு பேர். பன்னிரண்டாவது நான், தேயிலைத் தோட்டத்து வேன் ஓட்டுகிற தங்கையா.

உள்ளே தவமலர். மூன்று வாரமாக ஒன்றுக்குப் போனால் எரிச்சல், ரத்தக்கசிவு. கொழுந்து மூட்டையைத் தூக்கமுடியாமல் பாதி மலையில் உட்கார்ந்துவிடுகிறாள். போன வாரமும் இதே கேள்வி கேட்டு, பனடோல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஆள் இல்லாமல் இல்லை. செத்துப்போன அர்ஜுனன்மேல் உயிராக இருந்தவள்தான். இப்போது அதே உயிர் ஒரு பெண்மேல்.

சொன்னால் டெஸ்ட் எடுப்பார்கள். ஆனால் மிஸ்ஸியின் அக்காள் எங்கள் லயத்தில் ஐந்தாவது வீடு. வேன் மலையேறுவதற்குள் சேதி ஏறிவிடும். அப்புறம் இரண்டு பேரும் அந்த லயத்தில் குடியிருக்க முடியாது.

தவமலர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். மிஸ்ஸி அடுத்த கார்டை எடுத்தார்.

நான் எழுந்து உள்ளே போனேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு முட்டியிலும் வலி. பிரிஞ்சாங் வளைவில் ஒரு புலியை வேனில் ஏற்றினேன், பெல்ட் போடமாட்டேன் என்றது, இறக்கிவிட்டேன். இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை.

“ஆள் இருக்கு மிஸ்ஸி. நான்தான்.”

பெஞ்சில் இருமல் நின்றது.

“மாமா!” என்றாள் தவமலர்.

மிஸ்ஸி என்னை மேலும் கீழும் பார்த்தார். “இந்த வயசிலயா?”

“குளிர் ஊருலா.”

டெஸ்ட் எடுத்தார்கள். என்னிடமும் ரத்தம் எடுத்தார்கள். பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

நான் சொன்னதிலேயே லயம் முழுக்க நம்பியது அது ஒன்றைத்தான். கோயில் கமிட்டியில் என் பெயரை அடித்தார்கள். என் சம்சாரம் உயிரோடு இல்லாதது நல்லது என்றார்கள். கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. ஏதோ கிருமி. மாத்திரையில் போய்விடுமாம். ஆனால் இரண்டு பேரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும், ஒருத்தர் விட்டாலும் திரும்ப வந்துவிடும் என்று மிஸ்ஸி ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்.

என் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுப்படியில் என் மகள் சுபத்ரா முதுகைக் காட்டி நின்றாள். பக்கத்தில் வைத்தேன்.

“சோறு தின்னுட்டு முழுங்கும்மா. அவளும் இன்னிக்கே முழுங்குறா.”