சைக்கிள் பையில் ஒரு முடிச்சு

இலங்கை மலைநாட்டின் கொட்டகலை ஸ்டேஷனில் ரயிலேறக் காத்திருந்த இரண்டு சைக்கிள்களில், சோலைமுத்துவின் சைக்கிளைச் செவனம்மாதான் ஆசையாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். தை மாதம் அவளுக்கும் அவனுக்கும் கல்யாணம்.

“தலைமன்னாருக்கு ரயிலு, அங்கேருந்து கப்பலு, பொறகு மெட்ராஸுக்கு மறுபடி ரயிலு. ஊருக்குள்ள ட்ராம் வண்டி ஓடுதாம் புள்ள” என்றான் சோலைமுத்து.

“அப்பறம் சைக்கிளு எதுக்கு மச்சான்?”

“இந்த மலையில சைக்கிள நாங்கதானே தள்ளுறோம் தங்கச்சி. அங்க சமதரையில அது எங்களச் சொமக்கட்டும்” என்று சிரித்தான் கடைக்காரர் மகன் பைஸர்.

“மூணு வாரந்தான். காலையில முனியாண்டிகிட்டயும் சொல்லிட்டேன்ல” என்று சொல்லிவிட்டு, சோலைமுத்து டிக்கெட் எடுக்கப் போனான். காலையில் அவளைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவிட்டு, அவன் மட்டும் உள்ளே போய் வெகுநேரம் கும்பிட்டதில் அவளுக்கு ஒரே பெருமை.

பைஸரின் டயரில் காற்று இறங்கியிருந்தது. பம்பு எடுத்துக் கொடுக்கச் சோலைமுத்துவின் பையைத் திறந்தவள் கையில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தட்டுப்பட்டது. கல்யாணத்துக்கு ஏதோ வாங்கி ஒளித்துவைத்திருக்கிறான் என்று அவிழ்த்தாள்.

“மண்ணா? பஞ்சர் ஒட்டவா?” என்றான் பைஸர்.

பாவம், அவனுக்குத் தெரியாது. தேயிலைத் தோட்டத்தை விட்டு ஒரேயடியாகப் போகிறவர்கள்தான், போகிற ஊரில் சாமியை வைத்துக் கும்பிட, கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போவார்கள்.

டிக்கெட்டோடு வந்த சோலைமுத்துவின் கையில், முடிச்சைப் பழையபடி கட்டி வைத்தாள் செவனம்மா.

“நீங்க மூணு வாரத்துல வந்துருவீங்க மச்சான். முனியாண்டி எப்ப வருவாரு?”