அம்மா ஊர் ஸ்டேஷன்

"எங்கம்மாவுக்கு எந்த ஊரு?"

அயர்லாந்தில் ஓர் அநாதை விடுதியில் பிரிஜித் என்ற சிறுமி கேட்ட கேள்வி அது. தொண்ணூறு வயதாகியும் அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. அம்மா தன் ஊர் ஸ்டேஷனில் ரயிலுக்கு முன்னால் நிற்கும் ஒரு போட்டோ மட்டும் இருந்தது. இது எந்த ஊர் என்று கேட்டு, அவரைக் கவனித்துக்கொள்பவர்கள் அதைப் பழைய ரயில் ரசிகர்களின் ஃபேஸ்புக் குழுவில் போட்டிருந்தார்கள்.

அருப்புக்கோட்டையில் நல்லமுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நரிக்குடி ரயிலு எப்ப வரும்னு தெரியாது. இவுக அயர்லாந்து ரயிலக் கண்டுபிடிக்கப் போறாக!" என்றாள் மனைவி தங்கலட்சுமி.

"எல்லாரும் எஞ்சினையே பாக்குறாக. எஞ்சின் எங்கிட்டும் ஓடும். இந்தக் குட்டைப் பெட்டி ஒரே ஒரு பாதையிலதான் ஓடுச்சு."

"அந்தம்மா என்ன, உங்க அத்தையா சித்தியா? பால் வாங்கிட்டு வாரேன், அடுப்பைப் பாத்துக்குங்க."

அவள் போன பிறகு, அந்தப் பாதையின் பழைய படங்கள் ஒன்றில், போட்டோவில் இருந்த அதே நடைமேடைக் கூரை ஊர்ப் பெயரோடு அகப்பட்டது. நல்லமுத்து கைகூப்பினார்.

அறுபது வருஷத்துக்கு முன் திருச்சுழித் திருவிழாவில், ஊர்ப் பெயர் சொல்லத் தெரியாத ஒரு பிள்ளை தாயைத் தொலைத்துவிட்டு அழுதது. அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பஸ் பஸ்ஸாக ஏறி விசாரித்துத் தாயிடம் சேர்த்தவர், அங்கே நர்ஸாக இருந்தவர் என்று அந்தப் பதிவில் குறிப்பிட்டிருந்த இதே பிரிஜித்தான். அந்தப் பிள்ளை நல்லமுத்து.

தான் யாரென்று அவர் எழுதவில்லை. "உங்கள் அம்மாவின் ஊர் இதுதான்" என்று ஊர்ப் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனார்.