காற்றுக் கணக்கு

"காத்தோட வேகத்தைக் கணக்குல நீங்க குறைச்சுப் போட்டுட்டீங்கன்னு எங்களுக்குச் சந்தேகம். என்ன சொல்றீங்க சார்?"

விசாரணை அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். ஓய்வு பெற்ற பொறியாளர் ஆலை அலுவலக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். போன வருடம் கட்டிய புதுப் புகைபோக்கி விறைப்பாக நின்றது. அதன் பின்னால், அவர் இளவயதில் வடிவமைத்த பழையது உச்சி உடைந்து மொட்டையாக நின்றது. போன வாரக் காற்றில் விழுந்த கான்கிரீட் ஒரு தொழிலாளியின் உயிரைக் குடித்துவிட்டது.

"வாயைத் தொறந்து சொல்லுங்கப்பா," என்றாள் துணைக்கு வந்த மகள். அவரைப் பார்த்தே பொறியியல் படித்தவள். "சார், துணி காயப்போடக் கொடி கட்டினாலே காத்து எந்தப் பக்கம்னு பாக்குற மனுஷன் இவரு. இவரா குறைச்சுப் போடுவாரு?"

அதிகாரி சிரிக்கவில்லை. "இதைவிடப் பெரிய புயலையெல்லாம் அது தாங்கியிருக்கு. ஒருவேளை, பக்கத்துல புதுசு வந்ததால..."

"அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க," என்று பெரியவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "குறைச்சுப் போட்டது நான்தான். சீக்கிரம் கட்டணும்னு நெருக்கினாங்க. தப்பு என்னோடது."

மகள் முகத்தில் ஈயாடவில்லை.

"மிச்சத்தையும் இடிச்சிடுவீங்கல்ல?" என்று கேட்டார் அவர்.

"அடுத்த வாரமே."

"அப்ப சரி. எங்க கையெழுத்துப் போடணும்?"

படியிறங்கும்போது மகளுக்குத் தாங்கவில்லை. "எங்கப்பா கணக்கு மயிரிழை பிசகாதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். ஒரு உயிரு போயிருச்சேப்பா. இத்தனை வருஷம் எப்படிப்பா தூங்குனீங்க?"

அவ்வளவு கோபத்திலும் அவள் அவர் கையை விடவில்லை. அவருக்கு அழுகை வந்தது.

வாசலில் காற்று அடித்தது. தனியாக நிற்கும் புகைபோக்கிக்கு அவர் போட்ட கணக்கில் இன்றும் பிசகில்லை. முன்னால் நின்ற புதியதில் மோதி, பிளந்து, சுழன்று வந்த காற்றுதான் பழையதை வருடம் முழுக்க உலுக்கி உடைத்தது. புதியதை வடிவமைத்தவர், அது காற்றைத் தாங்குமா என்று பார்த்தாரே தவிர, அதைத் தாண்டிப் போகும் காற்று பின்னால் நிற்பதை என்ன செய்யும் என்று பார்க்கவில்லை.

அந்தப் புதியதுதான் மகள் வடிவமைத்த முதல் புகைபோக்கி.