சுண்ணாம்புக் கோட்டு அறை

"முடியாதுன்னாவது எழுதிக் குடுங்க சார்." பக்கத்து வீட்டு மாடியிலிருந்து சற்குணம் அக்காவின் குரல் எங்கள் மொட்டைமாடிவரை கேட்டது. துணி காயப்போடும் சாக்கில் நான் கைப்பிடிச் சுவரோரம் நின்றுகொண்டேன்.

"அதுவும் முடியாதும்மா. ஊருக்கு மாஸ்டர் பிளான் தயாராகுது. இந்தப் பக்கம் ரோடு வருமா வராதான்னு தெரியணும்ல," என்றார் நகரமைப்பு அலுவலகத்துக்காரர்.

"மூணு வருஷமா இதையேதான் சொல்றீங்க."

மாடியில் ஓர் அறை எழும்பினால் மகனும் மருமகளும் வந்துவிடுவார்கள் என்று, கணவர் போனபின் தனியாக இருக்கும் அக்காவுக்கு ஒரு நம்பிக்கை. அறை வரவேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, வாசலுக்கு மட்டும் இடைவெளி விட்டிருந்தாள். மழை அழித்தால் மறுநாளே மறுபடி போடுவாள். வடகம் காயவைக்கக்கூட அந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே போவாள். தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் நான்தான். அன்று அந்த அதிகாரியும் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் வழியாக உள்ளே போய் அளந்தார்.

அறை கட்ட அனுமதி கேட்டு அக்கா மனு கொடுத்த ஆறாம் வருஷம் பிளான் வந்தது. ரோடு வேறு தெருவுக்குப் போனது. அக்காவுக்கு அனுமதி கிடைத்தது. காகிதத்தைக் காட்ட என்னை மாடிக்குக் கூப்பிட்டாள்.

"உள்ள வா சுகந்தி."

நானும் வாசல் வழியாகவே போனேன். மகன் அதற்குள் ஓசூரில் சொந்த வீடு வாங்கிக் குடிபோயிருந்தான்.